கவிழ்த்தபோது ஒழுகியவை

செஞ்சி கல்யாண மண்டபத்தில் சிவசங்கருக்குப் பாராட்டு விழா. கடைசி வரிசையில் மஞ்சுவும் அவள் அப்பா கோவிந்தசாமியும். மகள் பெயரையும் கூப்பிடுவார்கள் என்று இஸ்திரிச் சட்டை போட்டு வந்திருந்தார் அவர்.

அப்படி நம்பக் காரணம் இருந்தது. தண்ணீரில் கரைத்தால் தானே பின்னிக்கொண்டு கூழாக உறைந்து, புண்ணின்மேல் மருந்தைத் தாங்கி நிற்கும் பொருளைத் தேடுவதுதான் மஞ்சுவும் சிவசங்கரும் ஒரே பேராசிரியரிடம் செய்த ஆய்வு. நாலு வருடம் மஞ்சு கலந்தாள். குப்பியைக் கவிழ்ப்பாள், நின்றால் கூழ், ஒழுகினால் தோல்வி. நின்றவை முப்பத்தொன்று. ஒழுகியவை ஆயிரத்து எண்பத்தெட்டு.

"இன்னா மஞ்சு, இன்னிக்கும் கஞ்சிதானா?" என்பான் சிவசங்கர், வல்லத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. தோற்றதைக் குறிக்காதே என்றார் பேராசிரியர் சுந்தரமூர்த்தி. அவள் ஒன்று விடாமல் எழுதினாள்.

அந்த நோட்டைத்தான் சிவசங்கர் கணினிக்குப் புகட்டினான். எது உறையாது என்று ஆயிரம் முறை பார்த்த பிறகே, எது உறையும் என்று சொல்ல இயந்திரம் கற்றது. அது சொன்ன ஆறு புதுக் கலவைகளில் ஐந்து உறைந்தன. இந்த விழாவுக்குக் காரணமான ஆய்வுக் கட்டுரையில் பெயர் இரண்டே: பேராசிரியர், சிவசங்கர். மஞ்சுவுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: குப்பிகளைக் கழுவித் தந்ததற்கு நன்றி. கட்டுரையில் பெயர் இல்லாமல் அவளுக்கு முனைவர் பட்டம் இல்லை.

"உங்க ஆளுங்களுக்குத்தான் கோட்டா இருக்குதே, பேரு வேறயா?" என்றான் சிவசங்கர், அவள் போய்க் கேட்டபோது.

இதைத் தலையெழுத்து என்று யாரும் சொல்ல வேண்டாம். எழுதியது ஒரு பேராசிரியரின் பேனா.

"எப்பம்மா கூப்புடுவாங்க?" என்றார் இதெல்லாம் தெரியாத கோவிந்தசாமி, மேடையைப் பார்த்தபடி.

மஞ்சு எழுந்தாள். "சார், அந்த ஆயிரத்து எண்பத்தெட்டு தோல்வி யாரோடது?"

பேராசிரியர் மைக்கை நெருங்கினார். "தோல்விக்கெல்லாம் பேரு போட்டா பேப்பர் பத்தாதும்மா."

மண்டபம் சிரித்தது, கைதட்டியது. மகளைப் புகழ்கிறார்கள் என்று நினைத்துக் கோவிந்தசாமியும் தட்டினார்.

பந்தியில் பேராசிரியரே அவர்கள் இலைக்கு எதிரே வந்து நின்றார். "திங்கக்கிழமை வந்துடும்மா. அடுத்த மாடலுக்கு இன்னொரு ஆயிரம் தோல்வி வேணும். உன்ன மாதிரி வேற யாராலயும் செய்ய முடியாது." அவர் கையெழுத்து இல்லாமல் அவள் வேறு ஆய்வுக்கூடத்துக்குப் போகவும் வழியில்லை.

பஸ்ஸில் கோவிந்தசாமி பக்கத்து சீட்டுக்காரர் காதிலும் விழும்படி சொன்னார்: "கேட்டியா? வேற யாராலயும் முடியாதுன்னு அவரே சொல்லிட்டாரு."

"ஆமா நைனா."