முழுப் பொறுப்பு

விசாவுக்கு ஐந்து பாயின்ட் குறைந்தது. அதில்தான் எல்லாம் தொடங்கியது.

மெக்கானிக்குக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குளிர்சாதன வேலையில் கைதேர்ந்தவர். கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். கடல் தாண்டிய ஒரு நாட்டில், பெரிய நகரங்களை விட்டுத் தள்ளியிருக்கும் சிற்றூர்களில் இப்படிப்பட்ட ஆட்களுக்குத் தட்டுப்பாடு. அந்த ஊர்களிலேயே சில வருடம் தங்கி வேலை பார்க்கச் சம்மதித்தால் குடும்பத்தோடு போகலாம். பிறகு அங்கேயே நிலைத்தும் விடலாம். அவர் மனைவி ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பவர். ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் அடித்து அடித்து, ஒருநாள் தங்களுக்கும் ஒன்று அடிக்க உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு வருஷ அனுபவம் காட்டினா போதும் சார்," என்றார் விசா ஆலோசகர். "பாயின்ட் சரியாயிடும். வேற எங்கயும் வேலை பார்க்கலையா?"

"இல்ல மேடம்."

மனைவி திரும்பிப் பார்த்தார். "என்னங்க, கல்யாணத்துக்கு முன்னாடி கோல்ட் ஸ்டோரேஜ்ல மூணு வருஷம் இருந்தேன்னு சொன்னீங்களே?"

மெக்கானிக் விண்ணப்பத்தைப் புரட்டினார். "ஆமா, மறந்துட்டேன்," என்றார். மூன்று வருடத்தை யாராவது மறப்பார்களா என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

அவர் மறக்கவில்லை. அந்தக் கிடங்கில் குளிரூட்டும் அமோனியா வாயு செல்லும் பெரிய வால்வு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. மூக்கை வைத்தே அவர் கண்டுபிடித்தார். மேனேஜரிடம் மூன்று தடவை சொன்னார். "சீசன் முடியட்டும்ப்பா, இப்ப பிளான்ட்டை நிறுத்தினா சரக்கெல்லாம் வீணாயிடும்," என்றார் மேனேஜர். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மெக்கானிக் உதிரிபாகம் வாங்க வெளியே போயிருந்தபோது வால்வு பிய்த்துக்கொண்டது. உள்ளே இருந்த ஆபரேட்டர் கதவு வரைக்கும் வந்துவிட்டார். கதவைத் திறக்கத்தான் மூச்சு இல்லை.

அரசாங்க ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். பதிவேட்டில் மெஷின்களுக்குப் பொறுப்பாக ஓர் இன்ஜினியரின் பெயர் இருந்தது. மாதம் ஒருமுறை வந்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். மெஷின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறவர். மெக்கானிக் என்று தனியாக ஒருவர் இருந்ததாகவே பதிவில் இல்லை.

"நீ வெறும் ஹெல்ப்பர்னு எழுதிக் கொடுத்துடு," என்றார் மேனேஜர். "வால்வைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. உனக்கும் தொல்லையில்ல, எனக்கும் தொல்லையில்ல."

அவர் எழுதிக் கொடுத்தார். ஆபரேட்டர் கவனக்குறைவாக வால்வைத் திருகியதுதான் காரணம் என்று அறிக்கை வந்தது. செத்தவர் மறுக்கவா போகிறார். மறு மாதமே மெக்கானிக் வேலையை விட்டு நின்றார்.

ஒன்பது வருடம் கழித்து, அனுபவச் சான்றிதழ் கேட்டு அதே வாசலில் போய் நின்றார். கல்லில் நார் உரிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனார். மேனேஜரோ எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"வாப்பா, வா. உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். எந்த நாடு? குடும்பத்தோடவா? பேஷ்."

மூலையில் கோப்பும் கையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் யாரென்று மேனேஜர் சொல்லவில்லை. அந்த ஆள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தத் தேதியில சேர்ந்தீங்க?" சொன்னதும் குறித்துக்கொண்டார்.

இரண்டே நாளில் சான்றிதழ் வந்துவிட்டது. கூடவே, தான் பார்த்த வேலைகளைத் தானே ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் படிவமும் வந்தது. அதில் ஒரு பிரதி அவர்கள் ஃபைலுக்கு வேண்டுமாம். மனைவி அதை இரண்டு முறை படித்தார்.

"'வால்வு, குழாய் ஆகியவற்றை மாற்றுவது குறித்து முடிவெடுக்கும் முழுப் பொறுப்பும் இவருடையதே.' என்னங்க இது? நூறு சர்ட்டிபிகேட் அடிச்சிருக்கேன். நல்லா வேலை பார்த்தார்னு எழுதுவாங்க. வால்வைப் பத்தி யாருங்க இவ்வளவு குறிப்பா கேட்டது?"

"பாயின்ட் வேணும்ல," என்றார் அவர். விண்ணப்பத்தில், 'எந்த அரசு அதிகாரியிடமாவது பொய் வாக்குமூலம் கொடுத்ததுண்டா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டு, அதிலும் அந்தப் படிவத்திலும் கையெழுத்திட்டார்.

பதினோராம் நாள் ஜெராக்ஸ் கடைக்கே சம்மன் வந்தது. மனைவிதான் வாங்கினார். ஆபரேட்டரின் மனைவி ஒன்பது வருடமாக வழக்கை விடாமல் நடத்தியிருக்கிறார். வால்வை மாற்றாமல் விட்டது யார், பெயரைச் சொல்லுங்கள் என்று மேல் கோர்ட் கம்பெனியிடம் கேட்டிருக்கிறது. கம்பெனி பதில் சொல்லிவிட்டது. ஆதாரமாக இணைத்திருந்தது மெக்கானிக் தானே கையெழுத்திட்ட அந்தப் படிவம்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த அம்மாவுக்கு இது தெரியுமா? அவங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லன்னு?"

"தெரியாது."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

மறுநாள் ஆலோசகரிடம் போனார்கள். ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார். "கோர்ட்ல அந்த ஹெல்ப்பர் பேப்பர் பொய்னு சொன்னீங்கன்னா, இந்த விண்ணப்பத்துல போட்ட டிக்கும் பொய்னு ஆயிடும் சார். இது மட்டும் போகாது. அப்புறம் எந்த நாட்டுக் கதவும் திறக்காது."

"அங்கயும் அதே பொய்ப் பேப்பரைத்தான் தூக்கிட்டுப் போகணும் மேடம்," என்றார் மெக்கானிக். "விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடுங்க."

சாட்சி சொல்லப் போன நாள், மெக்கானிக்கும் மனைவியும் உட்கார்ந்திருந்த கோர்ட் வராந்தா பெஞ்சில் மேனேஜரும் வந்து உட்கார்ந்தார். "பொண்ணு எப்படிப்பா இருக்கா? ரெண்டாவதா படிக்கிறா? பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்கூல்தானே?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மெக்கானிக் மகளைப் பற்றி அவரிடம் ஒருபோதும் பேசியதில்லை.

மெக்கானிக் கூண்டில் ஏறினார். எல்லாவற்றையும் சொன்னார். வால்வு கசிந்தது தனக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும், அது தானே பிய்ந்துவிடும் நிலையில்தான் இருந்தது, ஹெல்ப்பர் என்று எழுதிக் கொடுத்தது பொய்.

"மேனேஜர்கிட்ட சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல். அன்று மேனேஜர் அறையின் மூலையில் கோப்போடு உட்கார்ந்திருந்தவர்தான் அவர்.

"வாய்லதான் சொன்னேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சிரமப்பட்டு இன்னொரு கேள்வி கேட்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை.

ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று கோர்ட் அன்றே குறித்துக்கொண்டது. மெக்கானிக் மேலும் மேனேஜர் மேலும் வழக்குப் பதியவும் உத்தரவானது. வெளியே ஆபரேட்டரின் மனைவி சுவரோரம் நின்றிருந்தார். அவரை நேருக்கு நேர் பார்ப்பது மெக்கானிக்குக்கு அதுதான் முதல் தடவை.

"ஒன்பது வருஷமா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

வழக்கு முடியும்வரை வைத்திருக்க, கோர்ட் குமாஸ்தா மெக்கானிக்கின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். புத்தம் புதியது, ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை. ஒரு துண்டுச் சீட்டை அதோடு பின் அடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். மேனேஜருக்கு முன்ஜாமீன் ஏற்கனவே கையில் இருந்தது. அவர் கார் வாசலை விட்டுக் கிளம்பி, தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், பாலம் இருக்கும் பக்கம் திரும்பியது.

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகளுக்குப் பள்ளி விட இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"ஆட்டோ பிடிங்க," என்றார்.