நோக்கம்: மீன் பிடித்தல்

அகதி விண்ணப்பம் செய்தவர் தமக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போவதானால் எழுத்தில் அனுமதி பெறவேண்டும். தக்க காரணமிருந்தால் கொடுக்கலாம். அன்றைய ஜெர்மன் விதி இவ்வளவுதான். எத்தனை நாளில் கொடுக்கவேண்டும் என்று அதில் இல்லை.

போன கிழமை நிலவறையை ஒதுக்கும்போது ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் காம்பில்லாத தேக்கரண்டி ஒன்று கிடைத்தது. நுனியில் துருப்பிடித்த தூண்டில் முள். முகர்ந்து பார்த்தேன். துருவோடு, அகதி விடுதியில் முட்டைக்கோவா அவியும் மணமும் வந்தது. மூக்குக்கு ஒரு விதியும் இல்லை.

விடுதிக் கரண்டியை எடுத்து, காம்பை வெட்டி, மீனை ஏமாற்ற மினுக்கியவன் யோகன். யாழ்ப்பாணத்து மாதகல் கடற்கரைக்காரன். எண்பத்தாறில் என் அறையின் மற்றக் கட்டிலில் கிடந்தவன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடி கிடந்தான், சாப்பாடும் குறைவு. மேன்முறையீட்டை நான்தான் எழுதினேன். ஆகவே அதில் பிழை இருக்கவில்லை. பயனும் இருக்கவில்லை.

அவனை எழுப்பியவர் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. பெரிய அணைக்கட்டு ஏரியில் மார்ச் கடைசியில் தண்ணீர் சற்றுச் சூடேறியதும் பார்ஷ் மீன்கள் முட்டையிடக் கரையோரம் வருமாம். மூன்று கிழமைதான். என் காரில் வாருங்கள் என்றார். யோகன் எழும்பிச் சவரம் செய்தான். ஏரியின் வரைபடத்தை வாங்கி, நீருக்குள் பற்றைகள் நிற்கும் இடங்களுக்குப் புள்ளி வைத்தான். ஏரி இரண்டு மாவட்டம் தள்ளி இருந்தது.

"கிளாக்கர் அண்ணை, எல்லாரையும் போல சாமத்தியவீடு எண்டு எழுதிவிடுங்கோவன்."

அந்தக் காரணத்துக்கு அன்றே அனுமதி கிடைக்கும். எங்கள் விடுதிக்குப் பொதுவான ஒரு மச்சாள் அந்த வருடத்துக்குள் நாலு தரம் பெரியபிள்ளையாகியிருந்தாள்.

"பொய் எழுத ஏலாது. கச்சேரியிலை ஆறு வருசம் அரசாங்கக் கிளாக்கரா இருந்தனான்."

"அந்தக் கச்சேரியை விட்டிட்டு ஓடி வந்ததும் நீங்கள்தானே?"

நான் அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவத்தை மூன்று பிரதி எடுத்து, நோக்கம் என்ற கட்டத்தில் 'மீன் பிடித்தல்' என்று எழுதினேன்.

இரண்டு கிழமையில் கேள்வி வந்தது: மீன்பிடிப் பத்திரம் எங்கே? பத்திரம் அயலவரிடம் உண்டு, நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம் என்று எழுதினேன். மறுபடி கேள்வி: அப்படியானால் நோக்கம் என்ன? 'தண்ணீரைப் பார்த்தல்' என்று எழுதினேன்.

"இன்னும் கரையிலை மீன் நிக்குமே, அண்ணை?" ஒவ்வொரு நாளும் கேட்பான்.

"ஓம், நிக்கும்."

ஏப்ரல் முடிந்தபிறகும் அதையே சொன்னேன். பொய்தான். ஆனால் எழுத்தில் இல்லை.

மே மாதம் மேன்முறையீடும் தள்ளுபடியானது. மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது யோகனின் போர்வை மடித்திருந்தது. கரண்டி என் தலையணையில் கிடந்தது. பிரான்சுப் பக்கம் போயிருப்பான் என்றார்கள். பிறகு ஒரு சொல் இல்லை.

விடுதி இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அயலவரும் போய்விட்டார், அவருடைய சுரங்கமும் மூடியாயிற்று. அந்த ஏரிக்கு இன்று யாரையும் கேட்காமல் போகலாம். நான் இதுவரை போனதில்லை.

பதில் வராமல் இல்லை. அனுமதி இருவருக்கும், ஒரு நாளைக்கு. மீன்பிடிக் கருவி எதுவும் கொண்டுபோகக்கூடாது. யோகனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அது வந்த நாள் 1986 ஜூன் 12, வியாழக்கிழமை.