தோலே கவசம்

"உக்காரு," என்கிறாள் பாக்கெட் அக்கா. வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியிருப்பதால் பாதி வார்த்தைதான் வெளியே வருகிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை உலகத்தைக் காப்பாற்றும் ஆறடி வீரன் மறுபேச்சு பேசாமல் முக்காலியில் உட்காருகிறான். "எந்திரி. கையத் தூக்கு. குனி." எழுகிறான், தூக்குகிறான், குனிகிறான். எங்கும் துணி பிடிக்கவில்லை, தையல் விடவில்லை என்று சுற்றிவந்து பார்த்த பிறகே ஊசிகள் வாயை விட்டு இறங்குகின்றன. முதுகில் ஒரு தட்டு. "போ, போய் உலகத்தக் காப்பாத்து."

தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் படப்பிடிப்பு நிலையத்தில், ஒப்பனை அறைக்கு அடுத்த நீள அறை அவளுடையது. இரண்டு தையல் மெஷின்கள், புஸ்ஸென்று ஆவி விடும் இஸ்திரிப் பெட்டி, தலையில்லாத ஐந்து பொம்மைகள். இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவள். உட்கார வைத்து, எழ வைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. "பிள்ளைங்க சும்மா நிக்குமா? நிக்கிற ஆளுக்குத் தைச்சா மூணாம் நாள் கிழிச்சுக்கிட்டு வந்து நிக்கும்" என்பாள். வீரர்களையும் அவள் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறாள்.

பட்டப்பெயருக்குக் காரணம் தொடரின் நாயகி. நாயகனின் இடுப்புப் பட்டையில் ஆறு பைகள். அவற்றில் என்ன இருக்கிறது என்று கதை எழுதியவருக்கே தெரியாது. நாயகிக்கு ஒன்றுகூடக் கிடையாது. பை வைப்பதற்கு முதலில் துணி வேண்டுமே! அந்தப் பெண்ணுக்கோ இழுப்பு. ஒருநாள் மூச்சு முட்டி, இன்ஹேலர் யார் கையில் இருக்கிறது என்று ஆளாளுக்கு ஓடினார்கள். மறுநாளே இடுப்பு மடிப்புக்குள், யார் கண்ணிலும் படாமல், இரண்டு விரல் நுழையும் ஒரு பாக்கெட் முளைத்தது. அன்றிலிருந்து எந்தப் பெண்ணின் உடையும் பாக்கெட் இல்லாமல் அந்த அறையைத் தாண்டியதில்லை.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. தான் தைத்ததை அவள் தானாகப் பிரிக்க மாட்டாள். "வேணாங்கறவங்க மொதல் தையலப் பிரிங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." மேஜை இழுப்பறையில் அதற்கென்றே ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. முதலாளி ஒருமுறை காலர் அகலம் என்று குறைபட்டு, கத்தியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் அரைமணி நேரம் ஒரு தையலோடு மல்லுக்கட்டினார். கடைசியில் காலர் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுந்துபோனார்.

சுவரில் இரண்டு உடைப் படங்கள் ஒட்டியிருக்கின்றன. நாயகன் படத்தைச் சுற்றி அம்புக்குறிகள்: தீப்பிடிக்காது, குண்டு துளைக்காது, தண்ணீர் புகாது. நாயகி படத்தில் ஒரே ஓர் அம்புக்குறி, திறந்த இடுப்பைக் காட்டி: "தோலே கவசம்." அது அவளுடைய விசேஷ சக்தியாம். துணியை மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல சக்தி கிடைக்காது.

அதிலும் வேடிக்கை என்னவென்றால், உடைக்குள் நாயகனின் தசை முழுக்க ஸ்பாஞ்சு. தோள், மார்பு, வயிறு எல்லாம் அக்கா கையால் வெட்டி ஒட்டியவை. அவனுக்குப் பதிலாக விழுகிற டூப் எந்த மாடியிலிருந்து விழுந்தாலும் மெத்தையோடு விழுகிறான். நாயகிக்கு டூப் போடும் பெண் வெறும் இடுப்போடு விழுகிறாள். போன சீசனில் மாடிப்படியில் உருண்டபோது படியின் விளிம்பு இடுப்பைக் கிழித்துவிட்டது. ஏழு தையல், இரண்டு மாதம் வேலையில்லை.

அதே படியில், அதே உருளலை இன்று மதியம் மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை அக்கா யாரையும் கேட்கவில்லை. டூப் பெண்ணின் உடையில் விலாவிலிருந்து இடுப்பு எலும்பு வரை தோல் நிறத் துணி, அதற்குள் அரை விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு. நான்கடி தள்ளி நின்றால் தோலுக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒத்திகையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநரின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. டூப் பெண்ணை அழைத்துக்கொண்டு நேரே தையல் அறைக்கே வந்துவிட்டார்.

"இடுப்பு தடிச்சுத் தெரியுதுக்கா. எடுத்துடுங்க."

"அவனுக்கு ஸ்பாஞ்சு வச்சா வீரம். இவளுக்கு வச்சா குண்டா சார்?"

"ஏன், ஹீரோவும்தான் சட்டையக் கழட்டுறான்."

"கழட்டுறான், கண்ணாடி முன்னாடி நிக்கறப்ப. சண்டைக்குப் போட்டுக்கிட்டுத்தானே போறான்?"

இயக்குநர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இந்த உடைய நானா வரைஞ்சேன்? பாக்கறவங்க இப்படித்தான் கேக்கறாங்க."

"பாக்கறவங்கள்ல என் மகளும் இருக்கா. அவ கேக்கலையே!"

டூப் பெண் குறுக்கே வந்தாள். இரண்டு பேரின் சண்டையில் தன் பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. "விடுங்கக்கா, எடுத்துடலாம். நான் பாத்து விழுந்துக்கறேன்."

"பாத்து விழறதாம்!" அக்காவுக்குக் குரல் உடைந்தது. அந்த அறையில் யாரும் அதுவரை கேட்டிராத குரல் அது. "சார், கதையில அவ தோலு கவசம். இந்தப் பொண்ணு தோலு வெறும் தோலு."

பிறகு இழுப்பறையைத் திறந்தாள். சின்னக் கத்தியை எடுத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். "மொதல் தையல் உங்களோடது."

இயக்குநரும் சளைத்தவர் இல்லை. வாங்கிக்கொண்டார். "எங்கேர்ந்து பிரிக்கணும்?"

அக்கா துணியின் ஓரத்தை மெல்ல மடக்கிக் காட்டினாள். அவள் போட்ட தையல் தொடங்கும் இடத்தில்தான், உள்ளே, பழைய தழும்பும் தொடங்கியது. ஒரு விரல் நீளம், இன்னும் சிவப்பு மாறவில்லை. அவர் குனிந்ததும், யாரும் சொல்லாமலே, அந்தப் பெண் அவருக்கு வசதியாகக் கையைத் தூக்கிக்கொண்டாள்.

கத்தி முனை நூலைத் தொட்டது. அங்கேயே நின்றது. இஸ்திரிப் பெட்டி இரண்டு முறை ஆவி விட்டது. இயக்குநர் நிமிர்ந்தார், கத்தியை மேஜைமேல் வைத்தார். "ஷாட்டுக்கு நேரமாச்சு. சீக்கிரம் அனுப்பிவைங்க," என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் கையை இறக்கப் போனாள்.

"எறக்காதே," என்றாள் அக்கா. குண்டூசிகள் அதற்குள் வாய்க்குப் போயிருந்தன. ஊசியில் புது நூலைக் கோத்து, முடிச்சிட்டு, தழும்பின் மேல் ஓடிய அதே தையலின் மீது இரண்டாவது வரிசையைப் போடத் தொடங்கினாள்.