குழாய் வராத படங்கள்

முதல் டம்ளர் எப்போதும் கிணற்றடிக் கிழவருக்குத்தான். அடுத்தது, குடம் சுமக்கும் இரண்டு பெண்களுக்கு. ஒட்டகத்துக்கு டம்ளர் போதாது. அதற்கு ஒரு வாளி. குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, பர்மாவில், தாமுவேயில் தம் வீட்டுச் சுவரோரம் குழந்தைவேலு தினமும் காலையில் இப்படித் தண்ணீர் வைத்துக்கொண்டே போவார்.

சுவரில் இருபத்து மூன்று படங்கள். எல்லாம் ஏதோ ஒரு பாலைவனத்தில் எழுபது, எண்பது வருடங்களுக்கு முன்னால் எடுத்தவை. போட்டாதாங்கில் ஒரு பழைய கம்பெனியை மூடியபோது, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் ஆசைப்பட்டு வாங்கி வந்தார். படத்துக்குச் சட்டம் போடுவதுதான் அவர் தொழில். ஆனால் உள்ளே இருந்தவர்களை எறிய மனம் வரவில்லை. "மொகம் இருக்கே அண்ணே, எப்பிடிக் குப்பையில போடறது? இவங்க புள்ளைங்க எள்ளுந் தண்ணியும் எறைக்கிறாங்களோ இல்லையோ, சாமிக்குத்தான் தெரியும்" என்றார் என்னிடம்.

பின்பக்கம் எழுதியிருக்கும் வருடத்தைப் பார்த்து வரிசையாக மாட்டியிருக்கிறார். முதலில் கிணறு, கூடாரம். பிறகு ரோடு போடும் உருளை வண்டி, லாரி, கூடாரத்துக்குள்ளே பள்ளிக்கூடம். பதினாறாவது படத்தில் ஊருக்குக் குழாய் வந்துவிடுகிறது. அதிலிருந்து தண்ணீர் கிடையாது. "அதான் பைப்பு வந்துட்டுதே. இன்னும் நம்மளையே எதிர்பார்த்தா எப்பிடி?" வெள்ளிக்கிழமை பூமாலை மட்டும் எல்லோருக்கும் உண்டு.

போன வெள்ளிக்கிழமை அவர் மகள் ரேவதியைப் பெண் பார்க்க த்வாண்டேயிலிருந்து வந்தார்கள். ரேவதியும் மாப்பிள்ளை உதயசூரியனும் ஏற்கெனவே மனம் ஒத்துப் போனவர்கள். அவன் தாய் கமலாட்சி அம்மாள் தலையசைத்தால் தாம்பூலத் தட்டு மாற்றிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாள் உள்ளே வந்தார், சுவரைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார்.

"வீட்டுல இத்தனை சாவா? என்னா வியாதி?"

"சொந்தம் இல்லீங்கம்மா. பாலைவனத்து ஆளுங்க."

"சொந்தமில்லாத சாவுக்கு மாலையா? அந்த ஒட்டகத்துக்குமா?"

"எல்லாருக்கும் போட்டுட்டு அதை மட்டும் விட்டா வருத்தப்படாதுங்களா?"

உதயசூரியன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். ரேவதி பர்மிய மொழியில், போதும் அப்பா என்று கெஞ்சினாள்.

"எல்லாத்தையும் எறக்குங்க. அப்பறம்தான் தட்டு" என்றார் அம்மாள்.

குழந்தைவேலு மகள் முகத்தைப் பார்த்தார். முக்காலி போட்டு ஏறினார். ஒவ்வொருவரிடமும் "கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி, மாலை கழற்றி, இருபத்திரண்டு படங்களைக் கட்டிலில் அடுக்கினார். கடைசியாக விட்டுவைத்திருந்தது பதினைந்தாவது படம். அதில் ஆட்கள் மண்வெட்டியோடு பள்ளத்தில் நிற்கிறார்கள். குழாய் பாதிதான் பதித்திருக்கிறது. கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்க பாதி வேலையில நிக்கறாங்கம்மா. தண்ணி இன்னும் வரல."

கமலாட்சி அம்மாள் கிட்டே போனார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப வரும்?"

"அடுத்த படத்துல வந்துரும்."

"அப்ப அதையும் எடுத்துப் பக்கத்துல மாட்டுங்க. வேலை செய்யறவங்களைப் பாதியில எறக்கக் கூடாது. மாலை மட்டும் வேணாம்."

மாட்டினார். தட்டு வந்தது. இரண்டு கையாலும் வாங்கப் போனவர், சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பள்ளத்தில் நிற்பவர்களுக்கு மறைக்காமல் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.