அம்மா ஆத்தூர் தாண்டிவிட்டாள்

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது அம்மா போனில் ஒரு வார்த்தை சொன்னாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். நான் அதைப் பத்திரம் எழுதி வாங்கியது போல நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

அப்பா போன பிறகு அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அரியலூர் பக்கத்தில் கல்லங்குறிச்சியில் இருந்த என்னைப் பூலாம்பாடியில் பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. சோறு சூடாக இருக்கும். துணி துவைத்து மடித்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் பேசுவதற்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. பெரியம்மாவும் பெரியப்பாவும் மரவள்ளி விலையைப் பற்றிப் பேசுவார்கள். அண்ணன்கள் இருவரும் ஒரே செல்போனைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் பங்குக்கு, "சாப்ட்டியா புள்ள?" என்ற கேள்வி வரும். "சாப்ட்டேன்" என்றால் அன்றைய பேச்சு முடிந்தது.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். பாதி வருஷத்தில் வந்து சேர்ந்தவளுக்கு யார் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பார்கள்? கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, யாராவது என்னிடம் பேனா கேட்க மாட்டார்களா என்று ஏங்குவேன்.

சைக்கிள் டீமில் என்னைச் சேர்த்தது திறமையைப் பார்த்து அல்ல. பச்சைமலை அடிவாரத்தில் மாணவிகளுக்கு மலைப்பாதை சைக்கிள் போட்டி நடத்தப்போகிறார்கள் என்று விளையாட்டு சார் அறிவித்தார். டீமுக்கு நாலு பேர் வேண்டும், மூன்று பேர்தான் கை தூக்கினார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வீட்டுக்குப் போக அவசரம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான் நாலாவது ஆள் ஆனேன்.

பத்தாம் வகுப்புப் படித்த ஓர் அக்காதான் கேப்டன். மற்ற இருவரும் அக்கா தங்கை, பஞ்சர் கடைக்காரரின் மகள்கள். பழைய கியர் சைக்கிள்களுக்கு முரட்டு டயர் மாட்டி ஓடவைத்துக் கொடுத்தது அவர்களுடைய அப்பாதான். எனக்குக் கிடைத்த சைக்கிளில் கியர் மாறாது, சீட்டும் உயரம். பனைமர உச்சியில் குருவி உட்கார்ந்தாற்போல அதன் மேல் உட்கார்ந்திருப்பேன். நான் விழுந்தால் மூவரும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் தூக்கிவிடுவார்கள். அந்த வரிசை ஒரு நாளும் மாறவில்லை. என் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை, "அரியலூரு" என்றே கூப்பிட்டார்கள். பெரியம்மா வீட்டில் யாரும் என்னை அத்தனை சத்தமாகக் கூப்பிட்டதே கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

போட்டியைப் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னேன். பின்னால் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. "நீ ஜெயிச்சிட்டுச் சொல்லு, அம்மா வந்து கையோட அழைச்சிக்கிட்டு வந்துடறேன்" என்றாள். இதுதான் அந்த வார்த்தை.

மறுநாள் டீமில் சொன்னேன். தங்கைக்காரி தன் அக்காவைப் பார்த்தாள். அக்காக்காரி கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் அக்கா என் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். பம்பை இன்னும் நாலு அழுத்து அழுத்தினாள். பிறகு, "மொத மூணு பேருக்குப் பரிசு. பரிசு வாங்கினாலே ஜெயிச்ச மாதிரிதான். ஜெயிச்சிடுவோம்டி" என்றாள்.

போட்டியன்று பெரம்பலூர் டவுனிலிருந்து வந்த பிள்ளைகளின் சைக்கிள்களைப் பார்த்ததுமே என் சைக்கிளைக் கேப்டன் அக்காவின் சைக்கிளுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினேன். பாதை ஓடையைக் கடந்து, சரளைக்கல் சிதறிய ஏற்றத்தில் வளைந்து வளைந்து மேலே போய், வேறு பக்கமாக இறங்கும். ஓடை வரைக்கும் சமாளித்தேன். ஏற்றத்தில் பாதி போவதற்குள் தொடை கல்லாகிவிட்டது. முன்னால் போனவர்கள் தெரியவில்லை. பின்னால் வருபவர்களின் சத்தமும் இல்லை. காய்ந்த புல்லும் நானும்தான். திருப்பூர் எங்கே இருக்கிறது, நான் எங்கே இருக்கிறேன் என்று நினைத்தேன். அழுகை முட்டியது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்று ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டேன்.

அப்போது மேல் வளைவிலிருந்து ஒரு குரல் வந்தது. பஞ்சர் கடை அக்கா, செயின் அறுந்து, சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"அரியலூரு! ஒங்கம்மா பஸ் ஏறிட்டாங்கடி! எறங்காத, மிதி!"

நான் மிதித்தேன். அவள் கூடவே ஓடிவந்தாள். "ஈரோடு வந்தாச்சு! சங்ககிரி வந்தாச்சு!" என்று மூச்சு வாங்கக் கத்தினாள். அவள் ஓட்டம் நின்ற இடத்தில், இன்னும் மேலேயிருந்து கேப்டன் அக்காவின் குரல் இறங்கி வந்தது. "சேலம் தாண்டிட்டாங்க! சன்னல் ஓரத்துல சீட்டு கெடச்சிருக்கு!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருந்த தங்கைக்காரியும் விடவில்லை. "ஆத்தூரு தாண்டியாச்சு! இன்னும் கொஞ்ச தூரந்தான்!"

அத்தனையும் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் கால்களுக்குத் தெரியவில்லை. ஏற்றம் முடியும் இடத்தில் டவுன் பிள்ளைகள் சிலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டினேன். இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே இல்லை. கேப்டன் அக்கா இரண்டாவதாக வந்தாள், நான் மூன்றாவது.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும், கையில் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். பொய் என்று தெரிந்தும் தேடினேன்.

சாருடைய போனில் அம்மாவிடம் சொன்னபோது அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "சரி சாமி, ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள்.

மறுநாள் சார் எங்களைக் கூப்பிட்டு, ஓட்டி முடித்த மூன்று பேரை வைத்துப் போட்ட டீம் கணக்கில் நாங்கள் இரண்டாவது இடம், அடுத்த மாதம் திருச்சிக்குப் போக வேண்டும் என்றார். நான் அம்மாவோடு திருப்பூர் போகிற சேதி கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "நாலு பேரும் இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. ஒரு மாசந்தான? முடிச்சிட்டுப் போயேன்" என்றார்.

நான் கேப்டன் அக்காவைப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் அவளே, "இல்ல சார், அவ போவட்டும். அவங்கம்மா வராங்க" என்றாள். "போவட்டும் சார்" என்று மற்ற இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. இதற்குத்தான் மலையெல்லாம் கேட்கும்படி கத்தினார்களா? என்னை அனுப்பிவைக்க இவ்வளவு அவசரமா? ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். என் பையைத் தூக்கி மேலே வைத்தார்கள், அம்மாவிடம் "வணக்கங்க" என்றார்கள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ் கிளம்பியபோது சன்னல் பக்கம் திரும்பவும் இல்லை.

திருப்பூரில் அம்மா இருந்தது, மூன்று பெண்கள் சேர்ந்து வாடகை கொடுக்கும் ஒற்றை அறை. போனில் அவள் ஏன் பேசாமல் நின்றாள் என்பது அதைப் பார்த்ததும் புரிந்தது. காலையில் அவர்கள் எல்லோரும் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும்வரை நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். அந்த அறையில் எனக்குத் துணையாக இருந்தது அந்தக் கோபம்தான். டீமில் இருந்த அந்த மூன்று பேரில் ஒருத்திகூட, ஒரு பேச்சுக்காகவாவது, "இருடி" என்று சொல்லவில்லையே என்ற கோபம்.

சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.