நான் எடுக்காத பொட்டலம்

தினக் காலண்டர் தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம் நாலு வருடமாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். மடிப்பின் மேல் அன்றைய ராகுகாலமும் எமகண்டமும் தெளிவாகத் தெரியும். பேனா தேடி இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும், எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறும். போன மாதம் எங்கள் பழைய ஜி.எம். இறந்துபோனார். அவருக்கு நினைவு மலர் போடுகிறோம், அவரிடம் வேலை பார்த்த முதல் பெண் இன்ஜினியர் நீங்கள்தானே, ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியிலிருந்து கேட்டார்கள். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். நாலு வார்த்தை தேறவில்லை.

கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயைக் காய்ச்சிச் சுத்திகரிக்கும் தொழிற்சாலை அது. கொட்டை சுட்டுப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த எண்ணெயின் குணம் தெரியும், பட்ட இடத்தில் தோல் உரிந்துவிடும். இன்னொரு குணமும் உண்டு. சூடு ஏற ஏற உள்ளிருந்து வாயு கிளம்பி, அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கும். வாயு வெளியேற அகலமான குழாய் இருந்தால் அடங்கும், இல்லையென்றால் கொப்பளித்து வெளியே வரும். பழைய கொதிகலத்தைப் பன்னிரண்டு வருடம் ஓட்டியவர் ஒரு ஆபரேட்டர் அண்ணன். மூக்கால் முகர்ந்தே பொங்கப் போவதைச் சொல்லிவிடுவார். அதைப் போல நாலு மடங்கு பெரிதாகப் புதுக் கலம் போடலாம் என்று முதலாளி முடிவு செய்தபோது, அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "புதுசும் பொங்கும் மேடம். கொழாயப் பெருசாப் போடச் சொல்லுங்க."

எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட வேண்டியது என் வேலை. அதற்குத்தான் சிமுலேஷன் சாஃப்ட்வேர். இரும்பில் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் கட்டி, சூடாக்கி, என்ன ஆகிறதென்று பார்த்துக்கொள்கிற வித்தை. எங்கள் முன் ரெண்டு சாஃப்ட்வேர் இருந்தன. ஒன்று பார்க்க ரேஷன் கடை ரசீது மாதிரி இருக்கும். ஆனால் நம் எண்ணெயை நாமே அளந்து, இது சூட்டில் இப்படி உடையும், இவ்வளவு வாயு விடும் என்று உள்ளே சொல்லிக் கொடுக்கலாம். இன்னொன்று திருவிழா மாதிரி கலர் கலராக ஓடும். பெட்ரோல் சுத்திகரிக்கிறவர்களுக்கு அருமையான சாமான், ஆனால் எங்களுக்குக் காட்டிய வகையில் அதன் பட்டியலில் இருக்கிற பொருள்களோடு சரி. எங்கள் எண்ணெய் அதில் இல்லை. கலர் சாஃப்ட்வேரை விற்க வந்தவர் ஜி.எம்.முக்குச் சகலை. இது கேன்டீனில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும்.

சகலை வந்து படம் காட்டினார். எங்கள் எண்ணெய்க்குப் பதிலாகப் பட்டியலிலிருந்து வேறொரு எண்ணெயைப் போட்டுக்கொண்டு, "கிட்டத்தட்ட இதேதாங்க" என்றார். சார், இது பொங்காத எண்ணெய் என்றேன். பொங்கலைன்னா நல்லதுதானே என்று ஜி.எம். சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். நான் கேட்டது பெரிய விஷயமில்லை. பழைய கொதிகலத்தின் லாக் புத்தகம் இருக்கிறது, அந்த அளவுகளை ரெண்டு சாஃப்ட்வேருக்கும் கொடுப்போம், கலம் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்போம், எது உண்மையைச் சொல்கிறதோ அதை வாங்குவோம். அவ்வளவுதான். பெண் பார்க்கப் போனால்கூட நாலு இடத்தில் விசாரிக்கிறோம். ஜி.எம். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார். நான் முதலாளியிடம் போனேன். ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுக் குழம்பிப்போன முதலாளி, எப்போதும் செய்கிறதையே செய்தார். சாமியிடம் உத்தரவு கேட்டுவிடலாம் என்றார்.

கிணறு வெட்ட, மெஷின் வாங்க, எதற்கும் கண்மாய்க்கரை அய்யனார் முன்னால் பொட்டலம் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஒன்றில் திருநீறு, ஒன்றில் குங்குமம். எது கையில் வருகிறதோ அதுதான் உத்தரவு. பூசாரி மடிக்க உட்கார்ந்தபோது, "ஒங்களுக்கு எதுக்குச் செரமம், வீட்லயே மடிச்சுக் கொண்டாந்துட்டேன்" என்று ஜி.எம். சட்டைப் பையிலிருந்து ரெண்டு பொட்டலத்தை எடுத்தார். திருநீறு வந்தால் நான் கேட்ட சோதனை, குங்குமம் வந்தால் நேராகக் கலர் சாஃப்ட்வேர். சந்தேகப்படுகிறவர் நான்தான் என்பதால் நானே எடுக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். எடுத்தேன். குங்குமம். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான், இருந்தாலும் அதை நெற்றியிலும் வைத்துக்கொண்டேன். தட்டில் மிஞ்சிய பொட்டலம் யார் காலிலாவது மிதிபடுமே என்று அண்ணன் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கலர் சாஃப்ட்வேர் மூணு அங்குலக் குழாய் போதும் என்றது. பொங்காத எண்ணெய்க்கு அது போதும்தான். ஆறு அங்குலமாவது வேண்டும் என்றேன். "சாமி உத்தரவுக்கு மேல ஒங்க உத்தரவா?" என்றார் ஜி.எம். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

புதுக் கலம் ஓட ஆரம்பித்த ரெண்டாவது மாதமே பொங்கியது. மேலே இருக்கிற வால்வைத் திறந்துவிட அண்ணன் ஏறினார். எண்ணெய் பீய்ச்சி அடித்து, வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது. பிழைத்தார், ஆனால் அந்த விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை. விசாரணையில் ஜி.எம். அசையாமல் உட்கார்ந்து, சாமி கொடுத்தது, மேடம்தான் தன் கையால் எடுத்தார், கையெழுத்தும் அவருடையது என்றார். பழியை இவ்வளவு பக்தியோடு ஒருத்தர் தலையில் கட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலையை விட்டேன். கன்ட்ரோல் ரூமில் என் காகிதங்களை எடுக்கும்போது, சாமி படத்துக்குப் பின்னால் அண்ணன் செருகி வைத்திருந்த பொட்டலம் கண்ணில் பட்டது. பிரித்தேன். அதிலும் குங்குமம்.

அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "மொதலாளிக்கு ஒரு முடிவு வேணும், நான் குடுத்தேன். ஒங்க இஷ்டத்துக்கு விட்டிருந்தா ஆறு மாசம் இழுத்திருப்பீங்க" என்றார். முதலாளியிடம் காட்டினேன். பிரித்து, உள்ளே இருக்கிறதை மாற்றி மடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு, "சாமியே சொல்லிருச்சேன்னுதான் மேடம் பயப்படாம ஏறுனேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு பிடிமானத்தையும் பிடுங்க வேண்டாம் என்று நினைத்தேன். பெரிய மனசு என்று என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

இப்போது திருச்சியில் வேலை. எந்த சாஃப்ட்வேர் விற்க வந்தாலும் முதலில் பழைய லாக் புத்தகத்தைத்தான் முன்னால் போடுகிறேன். கறாரான பொம்பளை என்று பெயர். நினைவு மலருக்கு உண்மையைத்தான் எழுதுவது என்று முடிவானபின், அச்சில் பார்த்து அண்ணன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று போன ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தோடு பஸ் ஏறினேன். அவர் ஒரு முந்திரித் தோப்புக்குக் காவல் இருக்கிறார். சாய்ந்த மரத்தடியில் உட்கார்ந்து, பல்லால் ஒரு முனையைப் பிடித்து இடது கையால் பிரித்தார். நாலு வருடம் கழித்தும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"நீங்க எடுத்தது?" என்றார்.

"அதுவும் குங்குமம்தாண்ணே. ரெண்டையும் ஜி.எம்.தான் மடிச்சது."

சாமி பெயரைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அந்த மடங்காத கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு வருசமா நான் கோயில் பக்கமே போகல மேடம். அது சொன்னத நம்பித்தானே ஏறுனேன், இப்புடிப் பண்ணிருச்சேன்னு அது கூடச் சண்டை. மக கல்யாணத்துக்குக்கூடப் பொங்க வைக்கல. அது வாயே தொறக்கலைன்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

ஜி.எம். மேல் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே என் பக்கம் திரும்பிவிட்டது. மன்னிச்சுக்கங்கண்ணே என்றேன். அவர் பொட்டலத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோயில் இருக்கிற திசையில் நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை. மலருக்கு இதைத்தான் அனுப்பப் போகிறேன், போட்டால் போடட்டும். இன்று காலை பேனா எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். வெறும் இழுப்பறைதான், ஆனாலும் கை கொஞ்ச நேரம் அங்கேயே துழாவிக்கொண்டிருந்தது.