குங்குமத்தில் எழுதிய எச்சரிக்கை

ஒரகடத்தில் புதுக் கம்பெனிகள் முளைத்த காலம். பிவிசி பிளாஸ்டிக்கை உருக்கி பைப் மூடி செய்யும் மெஷினில் எனக்கு வேலை. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தவள், ஹீட்டரை அணைக்காமல் பூஜைக்குப் போய்விட்டேன். தப்பு என்னுடையதுதான். பிளாஸ்டிக் உருகும் மூடிய இரும்புக் குழாய்க்குள் காற்றே இல்லை, பிளாஸ்டிக் எப்படி எரியும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தால் கண்ணும் தொண்டையும் எரிந்தன. மெஷின் வாயில் கறுத்த குழம்பு ஒழுகியது, வெள்ளைப் புகை வந்தது. பக்கத்து மெஷின் செல்வி இருமி இருமி வாந்தி எடுத்தாள்.

சூப்பர்வைசர் கத்தினார். "இன்னாமா பண்ணி வெச்சிகீற? பிவிசி எரியவே வேணாம், வெறும் சூட்டுலயே பிரிஞ்சி ஆசிட் கேஸ் வுடும், தெரியாது?"

"இன்னைக்குத்தான சார் சொல்லுதீங்க!"

"எல்லாம் ஒன் கவனக்குறைவு மட்டுந்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லாங்காட்டி வேலை கெடையாது."

'ஹீட்டரை நான் அணைக்கவில்லை. விஷவாயு வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை' என்று எழுதினேன். கிழித்தார். அதையே மறுபடி எழுதினேன். அதையும் கிழித்தார். பூஜைத் தட்டுக் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து மெஷின் கதவிலேயே எழுதினேன்: 'ஹீட்டரை அணை. காற்று இல்லாமலும் பிளாஸ்டிக் விஷம் கக்கும்.'

வேலை போனது. தப்பை இன்றும் ஒத்துக்கொள்கிறேன். அவர் கேட்ட தாளில் இன்றும் கையெழுத்துப் போட மாட்டேன். பூஜைக் குங்குமத்தைத் துடைக்க அங்கே ஒருவருக்கும் கை வரவில்லையாம், செல்வி சொன்னாள்.